காதுக்கு ஒரு கொட்டேஷன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, உனக்குப் பதினைந்து நிமிஷம். நூற்பாலையில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றிப் பேசு" என்றார். "அண்ணே, அதை வேறு யாராவது என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். நான் காது மிஷின் வாங்குவது பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். பிறகு, "சரி, பேசு. எனக்கும் தேவைப்படும் போலிருக்கு" என்றார்.

இந்த அரங்கில் கண்ணாடி போட்டவர்களை எண்ணினால் பாதிக்கு மேல் தேறும். காது மிஷின் போட்டவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். இரண்டு கை தெரிகிறது. மூன்றாவது என்னுடையது. எனக்கு 37 வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவுப் பொறியாளர். நான்கு வருடமாக இரண்டு காதிலும் கருவி அணிகிறேன். குடும்பத்தில் பெரியப்பாவுக்கும் இப்படி இருந்தது. மில் சத்தமும் தன் பங்குக்குச் செய்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையின்படி உலகில் 150 கோடிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் சுமார் 17 சதவீதம் பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இரண்டு கைதான் தூக்கப்பட்டது என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கேட்கவில்லை என்றால் என்ன?

பலர் நினைப்பது போல இது வால்யூம் குறைந்த ரேடியோ அல்ல. என் காதுப் பரிசோதனை வரைபடத்தை, அதாவது ஆடியோகிராமை, எண்ணாகவே சொல்லிவிடுகிறேன். 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல், 1000-இல் 35, 2000-இல் 50, 4000-இல் 65. நான்கின் சராசரி சுமார் 44. இதை நடுத்தரக் குறைபாடு என்று வகைப்படுத்துகிறார்கள். தாழ்ந்த ஒலிகள் எனக்கு நன்றாகவே கேட்கும். லாரி வருவது கேட்கும், ஆள் பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்பதில்தான் சிக்கல். உயிரெழுத்துகளுக்குப் பலம் அதிகம், அவை தாழ்ந்த அலைவரிசையில் இருக்கின்றன. கடை, படை, தடை, சடை என்று பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த அலைவரிசையில், அதுவும் மெலிசாக இருக்கிறது. எனக்கு நான்கும் "அடை" தான். சாப்பிடுகிற அடை கிடைத்தால் பரவாயில்லை, மில்லில் "தடை" என்று சொன்னதை "கடை" என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். மெதுவான ஒலி கேட்காத காதுக்கு, உரத்த ஒலி எல்லாரையும் போலவே உரக்கத்தான் கேட்கிறது. அதனால்தான் தாத்தா, "என்ன சொல்றே, கேக்கல" என்பார். நாம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னதும், "ஏன்டா கத்துறே?" என்பார். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. அவருக்குக் கேட்கத் தொடங்கும் எல்லைக்கும் வலிக்கத் தொடங்கும் எல்லைக்கும் நடுவே இருக்கும் இடம் சுருங்கிவிட்டது. எல்லா ஒலியையும் ஒரே அளவு பெருக்கிக் காட்டும் கருவியை அவர் கழற்றி எறிவதற்கும் இதுதான் காரணம். எந்த அலைவரிசையில், எந்த ஒலியளவுக்கு, எவ்வளவு பெருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டாக வேண்டும்.

கடைக்கு முன்னால் டாக்டர்

வாங்கப் போகிறவர்களுக்கு முதல் வார்த்தை: கடைக்குப் போகாதீர்கள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். சிலருக்குக் காதில் அழுக்கு அடைத்திருக்கும், எடுத்தால் சரியாகிவிடும். சிலருக்குச் செவிப்பறையில் ஓட்டை இருக்கும், அதற்கு வைத்தியம் வேறு. ஒரே நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். தானாகச் சரியாகும் என்று வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றைக்கே, தவறினால் மறுநாளே, டாக்டரைப் பார்க்க வேண்டும். நாள் தள்ளத் தள்ளக் கேள்வித்திறன் திரும்பும் வாய்ப்பு குறையும்.

அடுத்தது, சத்தம் புகாத அறையில் ஆடியாலஜிஸ்ட் செய்யும் பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு. அந்த வரைபடம் உங்கள் சொத்து. பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் யாரிடமும் விலை கேட்காதீர்கள்.

நான்கு கொட்டேஷன்

மில்லில் ஒரு கம்ப்ரஸர் வாங்க வேண்டும் என்றால் என்ன செய்கிறோம்? மூன்று நான்கு கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கிறோம். விலை மட்டுமா பார்க்கிறோம்? மின்சாரச் செலவு, உதிரிப் பாகம், சர்வீஸ் இன்ஜினீயர் எந்த ஊரில் இருக்கிறார், எல்லாம் பார்க்கிறோம். என் காதுக்கும் அதையே செய்தேன். இரண்டு காதுக்கும் சேர்த்து நான்கு கொட்டேஷன் கிடைத்தது.

முதலாவது, எங்கள் ஊரிலேயே ஒரு கண்ணாடிக் கடை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு டெக்னீசியன் வருவார். ஜோடி 24,000 ரூபாய்.

இரண்டாவது, மதுரையில் தனியாக கிளினிக் நடத்தும் ஒரு ஆடியாலஜிஸ்ட் அம்மா. பல கம்பெனிக் கருவிகளை வைத்திருக்கிறார். நடுத்தர மாடல் ஜோடி 84,000. மூன்று வருட வாரண்டி. முதல் வருடத்தில் ஆறு முறை சரிசெய்து தருவது விலையில் அடக்கம். அதன்பிறகு ஒரு முறைக்கு 500.

மூன்றாவது, பெரிய ஊரில் குளிர்சாதன ஷோரூம். சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வகை, செல்போனோடு இணையும், வெளிச்சத்தில் மின்னும். அட்டையில் 2,60,000. "சார், இன்னைக்கு மட்டும் 1,95,000" என்றார் விற்பனையாளர். மறுவாரம் நான் போன் செய்தபோதும் அந்த "இன்னைக்கு" முடியவில்லை.

நான்காவது, இணையத்தில் 9,990 ரூபாய்க்கு ஒரு ஜோடி. பரிசோதனை வேண்டாம், ஆள் வேண்டாம், பெட்டியைப் பிரித்துக் காதில் மாட்ட வேண்டியதுதான்.

இவற்றுக்குள் வித்தியாசம் என்ன? மைக், பெருக்கி, சிறிய ஸ்பீக்கர், பேட்டரி என்ற அடிப்படை நான்கிலும் ஒன்றுதான். விலை ஏற ஏற ஒலியைப் பிரித்துக் கையாளும் சேனல்கள் கூடும், இரைச்சலைக் குறைக்கும் வேலை நுணுக்கமாகும், எதிரில் பேசுபவர் பக்கம் மைக் கவனம் திருப்பும், போன் ஒலி நேராகக் காதுக்கு வரும். கூட்டத்திலும் போனிலும் நாள் முழுக்க இருப்பவருக்கு இவை பயன்படும். வீட்டில் டிவி பார்த்து, நாலு பேரோடு பேசும் பெரியவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2014-இலும் 2016-இலும் வெளிவந்தன. அடிப்படை மாடலையும் உயர்ரக மாடலையும் அதே ஆட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் சுமார் ஒரு மாதம் அணியச் சொன்னார்கள். பேச்சு புரிவதிலும் அன்றாட வாழ்க்கையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. இதைக் கேட்டு, "அப்போ மலிவா வாங்கிடலாம்" என்று புறப்பட்டுவிடாதீர்கள். அந்தச் சோதனையில் இரண்டு மாடலையும் ஒரே அக்கறையோடு, அளந்து பொருத்தினார்கள். பொருத்துவது சரியாக இருந்தால் விலை வித்தியாசம் சுருங்குகிறது என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பாடம்.

சட்டை வாங்குகிறோமா, தைக்கிறோமா?

கடைகளில் பெரும்பாலும் நடப்பது இது. ஆடியோகிராமைக் கணினியில் ஏற்றுவார்கள், "முதல் பொருத்தம்" என்ற பட்டனைத் தட்டுவார்கள், "கேக்குதா சார்?" என்பார்கள். பத்து நிமிடத்தில் பில். கம்பெனி மென்பொருள் சராசரிக் காது ஒன்றை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. என் காதுக் குழாயின் நீளமும் அகலமும் அதற்குத் தெரியாது.

மதுரை அம்மா வேறு மாதிரி செய்தார். என் காதுக்குள் நூல் போன்ற ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதன்மேல் கருவியை மாட்டி, செவிப்பறைக்கு அருகில் உண்மையில் எத்தனை டெசிபல் வருகிறது என்று அளந்தார். ரியல் இயர் அளவீடு என்று இதற்குப் பெயர். 4000 ஹெர்ட்ஸில் வரவேண்டிய அளவு என் இடது காதில் வரவில்லை. திரையில் கோடு கீழே கிடந்தது. மேலே தூக்கினார். அடுத்த நிமிடம் அவர் "கடை" என்றது எனக்குக் கடையாகவே கேட்டது. பிரஷர் கேஜ் இல்லாமல் பாய்லர் ஓட்டலாமா? ஓட்ட மாட்டோம். அளக்காமல் பொருத்திய கருவியும் அப்படித்தான். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ரியல் இயர் அளவீடு செய்வீங்களா?" இரண்டாவது: "ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கத் தருவீங்களா? பிடிக்கவில்லை என்றால் எவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள்?" மூன்றாவது: "பொருத்துபவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா?" சுவரில் சான்றிதழ் மாட்டியிருப்பார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

விலை பற்றியும் இரண்டு வார்த்தை. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அட்டையில் அதிகபட்ச சில்லறை விலை இருக்க வேண்டும், அதை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் கருவிக்கு எவ்வளவு, பொருத்துவதற்கும் பின்னர் பார்ப்பதற்கும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரே தொகையாகக் கட்டித்தான் விற்கிறார்கள். பிரித்துக் கேட்டால்தான் பின்னர் சேவை உண்டா இல்லையா என்பது வெளியே வரும்.

ஐந்து வருடக் கணக்கு

இனி கணக்கு. மதுரைக் கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் போடுவது 312 எண் பேட்டரி, அட்டையில் பழுப்பு நிறம். பின்னால் உள்ள ஸ்டிக்கரை உரித்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து வேலை செய்யும். உரித்த பிறகு ஒரு நிமிடம் பொறுத்துக் கருவியில் போட வேண்டும். திரும்ப ஒட்டினாலும் உயிர் நிற்காது. எனக்கு ஆறேழு நாள் வருகிறது. இரண்டு காதுக்கும் வருடத்துக்கு 110 பேட்டரி, ஒன்று 35 ரூபாய் என்றால் 3,850. ஐந்து வருடத்துக்கு 19,250. காது அழுக்குத் தடுப்பு, ரப்பர் முனை வகையறா 7,500. வாரண்டி முடிந்தபின் இரண்டு ஸ்பீக்கர் மாற்ற 12,000. முதல் வருடத்துக்குப் பிறகு பன்னிரண்டு முறை பார்க்க 6,000. பதினெட்டு முறை மதுரைக்கு பஸ்ஸும் காபியும் 5,400. கருவி விலை 84,000-ஐயும் சேர்த்தால் 1,34,150 ரூபாய். தினம் பன்னிரண்டு மணி நேரம் அணிந்தால் ஐந்து வருடத்தில் 21,900 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 6 ரூபாய் சொச்சம்.

ஷோரூம் கருவியில் சில்லறைப் பேட்டரிச் செலவு இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியையும் ஸ்பீக்கரையும் பின்னால் மாற்ற வேண்டிவரும். எல்லாம் சேர்த்து 2,20,000 என்று வைத்தால் மணிக்கு 10 ரூபாய்.

24,000 ரூபாய்க் கருவியை வாங்கி, சரியாகப் பொருந்தாமல், தினம் இரண்டு மணி நேரம் போட்டு, மூன்று மாதத்தில் பீரோவில் வைத்துவிட்டால்? 180 மணி நேரம். மணிக்கு 133 ரூபாய்! நான்கில் விலை அதிகமான கருவி பீரோவில் தூங்கும் கருவிதான். நம் ஊர்களில் எத்தனை பீரோக்களில் தூங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும். அதே 24,000 ரூபாய்க் கருவியை ஒருவர் நன்றாகப் பொருத்தித் தந்து, தினமும் அணிந்தால், நான்கில் அதுதான் மலிவு. ஆகவே மலிவுக் கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆளில்லாத கருவி மேல்தான் கோபம்.

ஆள் எங்கே இருக்கிறார்?

இதைத்தான் சர்வீஸ், சப்போர்ட் என்கிறோம். முதல் மாதம் எனக்கு ஃபேன் சத்தம், பிளாஸ்டிக் பை சரசரப்பு, என் காலடி எல்லாமே இடிச்சத்தம். பல வருடம் கேட்காத ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக வேண்டும். அதற்குச் சில வாரம் பிடிக்கும். அந்த வாரங்களில் நான்கு முறை போய்ச் சரிசெய்து வந்தேன். ராஜபாளையத்திலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர். அதற்கு மேல் தூரம் என்றால் நானும் சலித்துப்போயிருப்பேன்.

என் சகோதரிக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். மாமனாருக்கு ஒரு கடையில் வாங்கினாள். பெயர் வேண்டாம். "எப்ப வேணாலும் வாங்க" என்றார்கள். ஆறாம் மாதம் போனால் அந்த டெக்னீசியன் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்த பையனிடம் பழைய மென்பொருள் இல்லை. வேறு ஊரில் கேட்டால், "கருவி அவங்க பெயரில் பூட்டியிருக்கு, எங்களால் திறக்க முடியாது" என்றார்கள். ஆகவே நான்காவது கேள்வியும் குறித்துக்கொள்ளுங்கள்: "இதே கம்பெனிக் கருவியைப் பார்க்கும் வேறு ஆடியாலஜிஸ்ட் எவரிடமும் கொண்டுபோனால் மாற்றித் தர முடியுமா, பூட்டு இருக்கிறதா?" பதிலை எழுதி வாங்குங்கள்.

கம்பெனிப் பெயரும் நிரந்தரமல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் காது மிஷின் என்றாலே சீமென்ஸ் என்பார்கள். சீமென்ஸ் அந்தத் தொழிலை 2015-இல் விற்றுவிட்டது. அது சிக்னியா என்ற பெயரில் வந்தது. 2019-இல் வைடெக்ஸோடு இணைந்து ஒரே குழுமமாகிவிட்டது. ஃபோனாக், ஓட்டிகான், ரீசவுண்ட், ஸ்டார்கி என்று மற்ற பெயர்களையும் சேர்த்துப் பார்த்தால் உலகச் சந்தையின் பெரும்பகுதி ஐந்து குழுமங்களின் கையில்தான். இவற்றில் எதுவும் மோசமில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எதைப் பார்க்க ஆள் இருக்கிறார் என்பதே தீர்மானிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அண்ணன்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 முதல், மிதமான குறைபாடுள்ள பெரியவர்களுக்கான கருவியை மருத்துவரின் சீட்டு இல்லாமல் கடையிலேயே வாங்கலாம். 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் மாடலுக்கே அந்த அனுமதி கிடைத்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் சூட்கேஸில் கொண்டுவந்து அம்மா காதில் மாட்டிவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிட்டால், செயலியைத் திறந்து சரிசெய்வது யார்? வாரண்டி வாங்கிய நாட்டுக்கு மட்டும்தானா என்று பார்த்தீர்களா? அம்மாவின் குறைபாடு கடுமையானது என்றால் அந்த வகை உதவவே உதவாது. பணத்தை அனுப்புங்கள், ஊரில் ஒரு நல்ல ஆடியாலஜிஸ்டைப் பிடித்துக் கொடுங்கள், லீவில் வரும்போது நீங்களே கூட்டிப்போங்கள்.

பிஸ்கட் டப்பாவில் ஒரு காது

நம் ஒர்க்‌ஷாப்பில் கொல்லுப்பட்டறைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சியை என் வயதுக்காரர்களும் மூத்தவர்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். முப்பது வருடம் சம்மட்டிச் சத்தத்தில் நின்றவர். போன வருடம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் பேசப் பேசச் சிரித்துத் தலையாட்டினார். கேட்கவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாத சிரிப்பா அது?

"அண்ணாச்சி, மிஷின் வாங்கலியா?" என்று எழுதிக் காட்டினேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். இரண்டு கருவி, ஒரு முகாமில் இலவசமாகக் கொடுத்தது. "தம்பி, அது காதுக்குள்ள கீ...ன்னு கத்துது. கழட்டி வச்சிட்டேன்" என்றார். அவர் வீட்டு அக்கா, "நாங்க பேசுறது அவுகளுக்குக் கேக்கல. அதனால பேசுறதையே விட்டாச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அந்த "கீ" என்ன என்று இங்கே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்குத் தெரியும். மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் வரும் அதே ஊளைதான். காது முனை இறுக்கமாக இல்லை என்றால் ஒலி வெளியே கசிந்து மைக்கில் நுழைந்து சுற்றிச் சுற்றி வரும். அரசு மருத்துவமனையில் அவர் காது அழுக்கை எடுத்தார்கள். மதுரை அம்மா அச்செடுத்து, அவர் காதுக்கென்றே வார்ப்பு செய்தார். இரண்டுக்கும் 1,600 ரூபாய். கருவியைக் கணினியில் இணைத்து அவர் ஆடியோகிராமுக்கு ஏற்ப மாற்ற 1,000. ஆறு மாதப் பேட்டரி 1,300. மொத்தம் 3,900 ரூபாய். கருவியில் எந்தக் குறையும் இல்லை. நல்ல கருவி, இரண்டு வருடமாக ஆளில்லாமல் டப்பாவில் கிடந்தது.

பொருத்தி முடிந்ததும் பழக்கதோஷத்தில் நான் உரக்கப் பேசினேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்து, "இப்ப எதுக்குக் கத்துற?" என்றார். இப்போது வாரம் ஒருமுறை அவரே எனக்குப் போன் செய்கிறார்.

இலவசக் கருவி வேண்டுமென்றால் வழி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். மத்திய அரசின் அடிப் திட்டத்தில், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு இருந்து வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். 60 வயதைக் கடந்த ஏழை முதியவர்களுக்கு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்புக் கழகம் நாடறிந்த இடம், பரிசோதனையும் ஆலோசனையும் அங்கே கிடைக்கும். கருவியை வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கமே வேண்டாம். வாங்கியபின் அதைப் பொருத்த ஒரு ஆளைத் தேடுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு

இயர்போன் போடாதே என்று நான் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. அளவைச் சொல்கிறேன். 2019-இல் வந்த சர்வதேசப் பரிந்துரைப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89-க்கு வந்துவிட்டால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். காதுக்குள் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் நமக்குப் பிறக்கும்போது கொடுத்ததுதான், போனால் முளைக்காது. மில்லுக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். சூப்பர்வைசர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சங்கத்துக்கு மூன்று விண்ணப்பம்

முதலாவது, வருடா வருடம் இந்தச் சந்திப்பு நாளில் ரத்த அழுத்தம் பார்ப்பது போலவே கேட்கும் திறனையும் பரிசோதிக்க ஓர் ஏற்பாடு. இரண்டாவது, ஓய்வுபெற்ற நம் கல்லூரி ஊழியர்களுக்காக ஒரு சிறு நிதி. கருவி வாங்கித் தர வேண்டாம். காது வார்ப்பு, பொருத்தும் செலவு, பேட்டரி, இவற்றுக்கு மட்டும். அண்ணாச்சிக்கு ஆனது 3,900 ரூபாய்தான். நம்மில் பத்துப் பேர் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டால் ஐந்து பேருடைய பிஸ்கட் டப்பா திறக்கும். முதல் இரண்டாயிரத்தைப் பொருளாளரிடம் இன்று காலையே கொடுத்துவிட்டேன்.

மூன்றாவதற்குப் பணமே வேண்டாம். எந்தக் கருவியாலும் முப்பதடி தூரத்தில் பேசுபவரைப் பக்கத்தில் கொண்டுவர முடியாது. இந்த மேடைக்கு வரும் பெரியவர்கள் சிலர், "எனக்கு மைக் வேண்டாம், என் குரலே கணீர்னு கேட்கும்" என்று தள்ளி வைக்கிறார்கள். உங்கள் குரல் கணீர்தான் ஐயா, எங்கள் காதுதான் அப்படியில்லை. தயவுசெய்து மைக்கைப் பிடித்து, முகம் தெரியப் பேசுங்கள்.

 கருவிக் கணக்கு எழுதிய தாளின் பிரதிகள் வாசலில் மேஜைமேல் இருக்கின்றன. அப்பா அம்மாவுக்காக ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.